சின்னப் படகு டெக்குக்கு அலுமினியம்: குறைந்த செலவில் வாங்கும் வழி

கடைக்காரர் அலுமினியத்தைக் கிலோவில் விற்கிறார். டெக்குக்கு நமக்கு வேண்டியது சதுர அடியில். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு அரை நாள் பேரம் பேசுபவர்கள், தேவைக்கு மேல் ஒன்பது கிலோ தகடு வாங்கிவந்து வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதனால் படகை அளந்து, படம் வரைந்து, பிறகு அந்தப் படத்துக்கு ஏற்ற அலுமினியத்தைத் தேடாதீர்கள். சந்தையில் எந்த அளவில் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, படத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது 14 அடி நீளமுள்ள, தட்டை அடி கொண்ட ஃபைபர் படகு. பழவேற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளில் ஓடும் வகை. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நின்று தூண்டில் போடவும் வலை வீசவும் ஒரு டெக், அதற்கடியில் சாமான் வைக்க இடம். படகு முழுக்க அலுமினியமாக இருந்தாலும் வாங்கும் கணக்கு இதேதான். பொருத்தும் முறை மட்டும் கொஞ்சம் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடை குறையும் என்று நினைத்து அலுமினியத்துக்குப் போகாதீர்கள். 3 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 8.1 கிலோ. 12 மி.மீ. மரைன் பிளைவுட்டும் ஏறக்குறைய அதே எடைதான். வித்தியாசம் பிறகு தெரியும். பிளைவுட்டின் ஓரத்தில் தண்ணீர் ஏறினால் எடை கூடும், அடுக்கு பிரியும், அழுகும். அலுமினியத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதற்காகத்தான் கூடுதல் காசு.

அளவு போடுவது

சந்தையில் தகடு பெரும்பாலும் 8க்கு 4 அடியில், அதாவது 2440க்கு 1220 மி.மீ. அளவில் கிடைக்கும். பைப், ஆங்கிள் (எல் வடிவச் சட்டம்) போன்றவை 12 அடி நீளத்தில், அதாவது 3660 மி.மீ. சுமாருக்கு வரும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு படகை அளந்து பாருங்கள்.

டெக்கின் பின்விளிம்பு 1200 மி.மீ. அகலம், அணியப் பக்கம் 750 மி.மீ., நீளம் 1500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1220 அகலத் தகட்டுக்குள் இது அடங்கிவிடும். மீதி 940க்கு 1220 துண்டு, மூடிகளுக்கோ பின் இருக்கைக்கோ போதும். அதே டெக்கை 1250 அகலத்தில் வரைந்தால் 5 அடி அகலத் தகடு தேட வேண்டும். அது எல்லாக் கடையிலும் இருக்காது, கழிவும் கூடும். அப்படிப்பட்ட படகுக்கு இரண்டு பக்கமும் 38 மி.மீ. ஆங்கிளை விளிம்பாக வைத்து, தகட்டை 1200க்குள் நிறுத்துங்கள். வேலை கெடாது.

சட்டத்துக்கு 50க்கு 25, 2 மி.மீ. கனமுள்ள செவ்வகப் பைப். 300 மி.மீ.க்கு ஒன்றாக ஆறு குறுக்குப் பைப்புகள். டெக் குறுகிக்கொண்டே போவதால் நீளம் 1200, 1110, 1020, 930, 840, 750 என்று இறங்கும். மொத்தம் 5.85 மீட்டர். இதை இரண்டு 12 அடி நீளத்தில் முடிக்கலாம். முதல் நீளத்தில் 1200, 1110, 1020. இரண்டாவதில் 930, 840, 750. இரண்டாவதில் 1.1 மீட்டருக்கு மேல் மிஞ்சும். அதில் 270 மி.மீ. உயரமுள்ள நான்கு கால்கள் வரும். யோசிக்காமல் வரிசை மாற்றி வெட்டினால் மூன்றாவது நீளம் வாங்க வேண்டிவரலாம். அதனால் ரம்பத்தைத் தொடுவதற்கு முன் எல்லா வெட்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தூளாகப் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பக்கவாட்டுக்கு 38க்கு 38, 3 மி.மீ. ஆங்கிள் ஒரே ஒரு நீளம். சாய்வாக இருப்பதால் ஒரு பக்கத்துக்கு 1517 மி.மீ. பிடிக்கும். இரண்டு பக்கம் போக மிஞ்சும் 60 செ.மீ. சுமாரில் 45 மி.மீ. அகலத்தில் பன்னிரண்டு கிளீட் வெட்டலாம். பைப்பின் இரு முனைகளையும் பிடிக்க அவை வேண்டும்.

பைப்பைப் படுக்க வைக்காதீர்கள். 50 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் 1.2 மீட்டர் இடைவெளியின் நடுவில் 80 கிலோ ஆள் நிற்கும்போது பைப் 5 மி.மீ.க்குள்தான் வளையும். படுக்க வைத்தால் அதைப் போல மூன்று மடங்கு வளையும், நிரந்தரமாகவே கோணிவிடக்கூடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் நிற்பார்கள் என்றால், நீளமான பைப்புகளுக்கு நடுவிலும் ஒரு கால் கொடுங்கள்.

தகடு 3 மி.மீ.யா, 2 மி.மீ.யா

2 மி.மீ. போட்டால் பைப்பை 200 மி.மீ.க்கு ஒன்றாக நெருக்க வேண்டும். இந்த டெக்குக்குத் தகட்டில் 4 கிலோ குறையும், பைப்பில் சுமார் 2 கிலோ கூடும். லாபம் 2 கிலோ. ஆனால் வெட்டும் ரிவெட்டும் கூடுகின்றன, நடக்கும்போது தகடு டப்டப் என்று சத்தம் போடும். 2 மி.மீ. துண்டு நல்ல விலைக்குக் கையில் கிடைத்தால் ஒழிய, 3 மி.மீ. போடுவதே நல்லது. 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் குதிகால் பட்ட இடமெல்லாம் குழி விழும்.

எந்த ரகம்

கடையில் “மரைன் கிரேடு” என்று மட்டும் கேட்டால் விலை ஏறும், ரகம் மாறாது. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

தகட்டுக்கு நமக்கு ஏற்றது 5052, எச்32 பதம். பதம் என்பது அந்த ரகத்தை எவ்வளவு கடினமாக்கியிருக்கிறார்கள் என்பதன் குறி. உப்பைத் தாங்கும், வளைத்தால் உடையாது, வெல்டிங்குக்கும் நல்லது. 5083, 5086 இரண்டும் படகின் உடலுக்கான ரகங்கள். டெக்குக்கு அவ்வளவு வேண்டாம். துண்டாக மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள். 3003 ரகத்துக்கு வலிமை குறைவு, ஆனாலும் நன்னீரில் தாராளமாக ஓடும்.

பைப், ஆங்கிளுக்கு 6063. ஜன்னல், பார்ட்டிஷன் வேலைக்கு வருவதெல்லாம் அநேகமாக இதுதான், அதனால் மலிவு. 6061 இதைவிட வலிமையானது. ஆனால் டி6 பதத்தில் வெல்டு வைத்தால், வைத்த இடத்தைச் சுற்றி வலிமை பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். ரிவெட் போடப்போகிறோம் என்றால் இந்தக் கவலை இல்லை.

கோயம்புத்தூர் பக்கம் மெஷின் ஷாப்புகளில் பழைய பெயர்கள்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எச்இ9 என்றால் 6063, எச்இ20 என்றால் 6061, எச்இ30 என்றால் 6082. இந்த மூன்றும் சரி. எச்இ15 என்று சொன்னால் அது 2014. செம்பு கலந்த ரகம். கையில் எடுத்தால் திடமாக இருக்கும், துண்டும் பெரிதாகக் கிடைக்கும், விலையும் ஆசை காட்டும். உப்புத் தண்ணீரில் அது அடுக்கடுக்காக உரிந்து போகும். 2000 வரிசையும் 7000 வரிசையும் படகுக்கு வேண்டாம்.

செக்கர்டு தகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் படிக்கட்டில் பார்க்கும் அந்த ஐந்து கோட்டு வடிவத் தகடு வழுக்காது, பார்வைக்கும் நன்றாக இருக்கும், எளிதில் கிடைக்கும். ஆனால் சந்தையில் வருவதில் பெரும்பகுதி மென்மையான ரகம். 3 மி.மீ. செக்கர்டு வாங்கினால் பைப் இடைவெளியை 250 மி.மீ.யாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கனத்தை அளக்கும்போது வெர்னியர் அளவுகோலைக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தட்டையான இடத்தில் வையுங்கள். மேட்டின் மேல் அளந்தால் 2 மி.மீ. தகடுகூட 3 மி.மீ. காட்டும்.

எங்கே தேடுவது

சென்னையில் பாரிமுனை, மண்ணடிப் பக்கத்து உலோகக் கடைகளில் முழுத் தகடும் முழு நீளமும் கிடைக்கும். முதலில் அங்கே போய் விலை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா விலையையும் அதோடு ஒப்பிட்டால்தான் மலிவு எது என்று தெரியும்.

உண்மையான மலிவு துண்டுகளில்தான். லேசர் கட்டிங், ஷீட் மெட்டல் வேலை நடக்கும் பட்டறைகளில் ஒவ்வொரு தகட்டிலும் ஓரம் மிஞ்சும். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளிலும், மற்ற ஊர் சிட்கோ பேட்டைகளிலும் விசாரியுங்கள். அவர்களுக்கு அது இடத்தை அடைக்கும் பொருள், பழைய உலோகக்காரருக்குப் போகும் விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் தருவார்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான துண்டு அடிக்கடி வராது. அதனால் தேவையான அளவைத் தாளில் எழுதி, போன் நம்பரோடு சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போய் ஞாபகப்படுத்துங்கள்.

கரூரை மறந்துவிடாதீர்கள். பஸ் பாடி கட்டும் ஊர் அது. தரைக்கும் படிக்கும் வெட்டிய செக்கர்டு தகட்டின் மீதிகள், பக்கவாட்டுத் தகடு, ஆங்கிள் எல்லாம் அந்தப் பட்டறைகளில் குவியும். பழைய பஸ்ஸைப் பிரிக்கும் இடத்தில் முழுத் தரைத் தகடே கிடைப்பதும் உண்டு. அப்படி எடுக்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருந்த கோடு முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நகத்தால் சுரண்டிப் போகிறதென்றால் பரவாயில்லை. ஆணி நுனி உள்ளே இறங்கும் அளவுக்குக் குழி இருந்தால் அந்தப் பட்டையை வெட்டி எறியத்தான் வேண்டும். அதற்கும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள்.

ஜன்னல், பார்ட்டிஷன் செய்பவர்களிடம் 6063 பைப், ஆங்கிள் துண்டுகள் எப்போதும் இருக்கும். நம் கிளீட்டுகளும் கால்களும் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் சுவர்க் கனத்தைப் பாருங்கள். ஜன்னல் வேலைக்கு வரும் பைப்புகள் பல 1 முதல் 1.2 மி.மீ.தான். வெளியே பார்க்க அதே 50க்கு 25 மாதிரி இருக்கும். ரிவெட் இழுத்ததும் ஓட்டை பெரிதாகி ஆட ஆரம்பித்துவிடும். குறுக்குப் பைப்புக்கு அது ஆகாது.

காயலான் கடையில் பார்க்க வேண்டியவை: உடைந்த அலுமினிய ஏணி, கண்டெய்னர் வண்டியின் பக்கத் தகடு, கண்ணாடி நொறுங்கிய சோலார் பேனலின் சட்டம். ஏணியின் பக்கக் கால்கள் நல்ல கனமுள்ளவை, டெக்கின் நீளவாட்டுக்கு அப்படியே பயன்படும். சோலார் சட்டம் அனோடைஸ் ஆனது, அதாவது மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றியது, உப்பைத் தாங்கும், ஆனால் மெலிசு, மூடியின் விளிம்புக்கு மட்டும் சரி. விளம்பரப் பலகையில் வரும் ஏசிபி ஷீட்டை அலுமினியம் என்று நம்பி வாங்காதீர்கள். நடுவில் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அரை மி.மீ.கூட இல்லாத தோல். அதன்மேல் ஆள் நிற்க முடியாது.

நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகைகள் சில கடைகளில் கண்ணில் படும். கைகாட்டும் அம்புக்குறியும் ஊர்ப் பெயரும் அப்படியே இருக்கும். தகடு நன்றாகத்தான் இருக்கும், தொடாதீர்கள். ஏலத்தில் எடுத்த ரசீது இல்லையென்றால் அது திருட்டுப் பொருள். தெரிந்தே வாங்குவதும் குற்றம்.

இணையச் சந்தைகளில் விலை குறைவாகப் போட்டிருப்பார்கள். பேசிப் பார்த்தால் குறைந்தது நூறு கிலோ எடுக்க வேண்டும் என்பார்கள். விலையைத் தெரிந்துகொள்ள அவை உதவும். பொருளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

தெரியாத துண்டை அடையாளம் காண்பது

காந்தம் ஒட்டினால் இரும்பு, அதோடு முடிந்தது. ஒட்டாவிட்டால் அலுமினியம் என்று உறுதியாகிவிடாது, பல வகை ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டாது. ஆனால் அது அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம், கையில் தூக்கினால் தெரிந்துவிடும்.

செம்பு கலந்த ரகமா என்று பார்க்கக் காஸ்டிக் சோடா சோதனை போதும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடாவைப் போடுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அலுமினியப் பாத்திரத்தையே அது தின்றுவிடும். துண்டின் ஒரு மூலையில் பெயின்ட், அனோடைஸ் எல்லாம் போகும்படி உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு விடுங்கள். நுரைக்கும். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். இடம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் நம் ரகம். கருகருவென்று ஆகியிருந்தால் செம்போ துத்தநாகமோ கலந்தது, வேண்டாம். காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புப் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அந்த நுரையில் வருவது ஹைட்ரஜன்.

5052க்கும் 6061க்கும் இந்தச் சோதனை வித்தியாசம் காட்டாது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, வைஸில் பிடித்து, சுத்தியலால் தட்டி 90 டிகிரிக்கு மடக்குங்கள். 5052 சாதுவாக மடங்கும். 6061 டி6 வளைவின் வெளிப்பக்கம் வெடிப்பு விடும். டெக்கின் விளிம்பை மடித்து இறக்க வேண்டும் என்றால் இது முக்கியம். தட்டையாகப் போடுவதென்றால் எது இருந்தாலும் சரி.

புதுத் தகடு வாங்கும்போது மில் டெஸ்ட் சர்டிபிகேட்டின், அதாவது ஆலை தரும் ரகச் சான்றின், நகல் கேளுங்கள். துண்டுக்குத் தர மாட்டார்கள், முழுத் தகட்டுக்குத் தருவார்கள். தகட்டின் மேலேயே ரகமும் பதமும் மையில் அச்சடித்திருப்பதும் உண்டு. வெட்டும்போது அந்த எழுத்துள்ள பகுதியைக் கடைசிவரை வைத்திருங்கள்.

விலையும் எடையும்

எடைக் கணக்கு எளிது. நீளம் மீட்டரில், அகலம் மீட்டரில், கனம் மி.மீ.யில் பெருக்கி, அதை 2.7ஆல் பெருக்கினால் கிலோ. 8க்கு 4 அடி, 3 மி.மீ. தகடு சுமார் 24 கிலோ. 50க்கு 25, 2 மி.மீ. பைப் 12 அடி 2.8 கிலோ. 38 ஆங்கிள், 3 மி.மீ., 12 அடி 2.2 கிலோ. இந்த எண்களை எழுதிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

தராசில் தகடு 21.5 கிலோ காட்டினால், 3 மி.மீ. என்று சொல்லி 2.7 தருகிறார்கள் என்று அர்த்தம். கிலோ விலையில் வாங்கினால் பண நஷ்டம் இல்லை. ஆனால் விறைப்பு கனத்தின் முப்படியில் இறங்குவதால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பைப்பை நெருக்கமாகப் போட வேண்டிவரும். தகடு ஒன்றுக்கு இவ்வளவு என்ற விலையில் வாங்கினால் பணமும் நஷ்டம்.

துண்டா, முழுத் தகடா என்பதற்கும் இதே கணக்கு. இந்த டெக்குக்கு வேண்டியது 1500க்கு 1220 துண்டு, 14.8 கிலோ. முழுத் தகடு 24 கிலோ. மீதித் தகட்டுக்கு வேலை இல்லையென்றால், துண்டுக்காரர் கிலோவுக்கு ஒன்றரை மடங்கு விலை சொன்னாலும் துண்டுதான் லாபம். மீதியில் மூடியும் இருக்கையும் செய்யப்போகிறோம் என்றால் முழுத் தகடே சரி. கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

விலை கேட்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஜிஎஸ்டி 18 சதவீதம் இதில் இருக்கிறதா, வெட்டுக்கூலி எவ்வளவு, ஏற்றுக்கூலி யார் பொறுப்பு. பல கடைகளில் தகடு வெட்டும் ஷியரிங் மெஷின் இருக்கும் அல்லது பக்கத்திலேயே இருக்கும். நேர் வெட்டுகளை அங்கேயே முடித்துவிட்டால் குட்டி யானைக்குப் பதில் ஆட்டோவிலேயே கொண்டுவந்துவிடலாம், வீட்டில் வேலையும் பாதி குறையும்.

கீறல் விழுந்த தகடு, மழைத் தண்ணீர் இறங்கி வெள்ளைக் கறை படிந்த தகடு இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகப்பு வேலைக்கு ஆகாது என்று ஓரமாக வைத்திருப்பார்கள். நாம் தேய்த்து பெயின்ட் அடிக்கப்போகிறோம், கீறல் நமக்குத் தடையே இல்லை.

வெட்டுவதும் பொருத்துவதும்

அலுமினியத்தைக் கிரைண்டரில் சாதாரண கட்டிங் வீல் போட்டு வெட்டாதீர்கள். உருகி வீலில் அப்பிக்கொள்ளும், வீல் சூடாகி உடையவும் கூடும். பல் உள்ள மர பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது அதைவிட ஆபத்து, கையை விட்டுத் துள்ளும். ஜிக்சாவில் உலோக பிளேடு, மெழுகு அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி நிதானமாக வெட்டுங்கள். சர்க்குலர் சா இருந்தால் அலுமினியத்துக்கான கார்பைடு பிளேடு. இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷும் அரமும் இந்தப் பக்கம் வரக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து, ஒரு மழைக்கே துருப் புள்ளி போடும்.

டிக் வெல்டிங் நல்ல வேலைதான், ஆனால் ஆள் கூலியும் ஆர்கான் செலவும் சேர்ந்தால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். இந்த அளவு டெக்குக்கு ரிவெட் போதும். 4.8 மி.மீ. பாப் ரிவெட், 10 மி.மீ. நீளம், 100 மி.மீ. இடைவெளி. விளிம்பிலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே. தகட்டுக்குச் சுமார் 100, கிளீட்டுகளுக்கு 48. பாழாவதையும் சேர்த்து 200 வாங்குங்கள். ஓட்டைக்கு 4.9 அல்லது 5 மி.மீ. பிட்.

ரிவெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது உடல் அலுமினியம், நடுக்கம்பி இரும்பு. கம்பியின் மொட்டு உள்ளேயே தங்கி, துருப்பிடித்து, தலையைச் சுற்றிப் பழுப்புக் கறை விடும், பிறகு தளரும். பெட்டியைத் திறந்து நடுக்கம்பியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள். கம்பியும் அலுமினியமாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிவெட்டை ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக அடிக்காதீர்கள். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். இல்லாவிட்டால் கடைசி ஓரத்தில் தகடு உப்பிக்கொண்டு நிற்கும். 1.5 மீட்டர் தகடு காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் ஒரு மி.மீ.க்கு மேல் நீளும். படகின் சுவரோடு முட்டாமல் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

ஃபைபர் சுவரில் பிடிக்க 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட், 316 ரகம். ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், உள்ளே பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். கால்களைப் படகின் அடித்தளத்தில் நேராக ஊன்றாமல், கீழே ஒரு அகலத் துண்டு வைத்து எப்பாக்சியில் உட்கார வையுங்கள். பைப் முனை ஃபைபரைக் கடிக்கும்.

போல்ட்டும் அலுமினியமும் நேரடியாகத் தொடக் கூடாது. உப்புத் தண்ணீர் நடுவில் வந்தால் அந்த இரண்டும் மின்கலம் போல வேலை செய்து, அலுமினியம் கரையும். நைலான் வாஷரும், போல்ட்டைச் சுற்றிச் சீலன்ட்டும் போதும். சில ரூபாய் விஷயம், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பித்தளைக் கொக்கி, செம்புக் கம்பி, படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் எதுவும் அலுமினியத்தைத் தொட வேண்டாம். டெக்குக்கு அடியில் பழைய மரச்சட்டத்தை விடப்போகிறீர்கள் என்றால், அது சிசிஏ மருந்தேற்றிய மரமா என்று பாருங்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. நடுவில் ரப்பர் அல்லது எப்பாக்சிப் பூச்சு இல்லாமல் அதன்மேல் அலுமினியத்தை வைத்தால் அடிப்பக்கம் முழுக்கக் குழி விழும்.

டெக்குக்குக் கார்ப்பெட் ஒட்டுவதும் அதே கதைதான். ஈரம் அடியில் தங்கும், காற்று போகாது, அலுமினியம் அந்த இடத்தில்தான் அரிக்கும். ஃபோம் துண்டுகளைத் தகட்டின் அடியில் இறுக்கித் திணிப்பதும் வேண்டாம். தண்ணீர் தேங்கும் மூலைகளில் 12 மி.மீ. ஓட்டைகள் போட்டு வடிய விடுங்கள். பைப்பின் இரு முனைகளையும் மூடினால் அடியில் ஒரு சின்ன ஓட்டையாவது இருக்கட்டும்.

வெறும் அலுமினியம் சித்திரை வெயிலில் காலைச் சுட்டுவிடும். பெயின்ட் அவசியம். சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய் போக்கி, பச்சை ஸ்க்ரப்பரால் பளபளப்பு போகத் தேய்த்து, அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் அடியுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் மேலே ஆக்சைடு படிந்துவிடும், பிரைமர் பிடிக்காது. மேலே வெளிர் நிற பியூ பெயின்ட். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைத் துடைத்துவிட்டு இரண்டாவது கோட் அடித்தால் வழுக்காது. வெட்டிய விளிம்புகளையும் ரிவெட் ஓட்டைகளையும் பிரைமரில் விட்டுவிடாதீர்கள். உப்பு முதலில் ஏறுவது அங்கேதான்.

டெக் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படகின் மேல்விளிம்புக்குச் சமமாகத் தூக்கிவைக்க ஆசையாக இருக்கும், அடியில் இடமும் கூடும். ஆனால் 14 அடிப் படகில் ஆள் நிற்கும் உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும். விளிம்புக்குக் கீழே ஒரு சாணாவது இறக்கிப் போடுங்கள். சட்டத்தை ரிவெட் போடுவதற்கு முன், கிளாம்பில் பிடித்து, பலகை வைத்து, ஆழமில்லாத தண்ணீரில் படகை இறக்கி, இரண்டு பேர் ஏறி ஒரே பக்கம் நின்று பாருங்கள். தண்ணீர் விளிம்பை நெருங்கினால் கால்களிலிருந்து ஐந்து செ.மீ. வெட்டிக் குறைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கிளாம்ப் நிலையில் இது பத்து நிமிட வேலை, ரிவெட் போட்ட பிறகு எல்லாவற்றையும் துளைத்துப் பிரிக்க வேண்டும்.